எம்.எஸ்சி. புராஜெக்டுக்குக் கருந்துளை நிறை: எந்த முறையை எடுப்பது?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இயற்பியல் முதுகலை படிப்பவர்களுக்குக் கடைசி செமஸ்டரில் கையில் இருப்பது ஏறக்குறைய நான்கு மாதம், ஒரு லேப்டாப், பெரும்பாலும் செல்போன் வழியாக வரும் இணையம். வானியலில் ஏதாவது செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு, பக்கத்துக் கேலக்ஸிகளின் நடுவில் இருக்கும் பெருநிறைக் கருந்துளைகளின் நிறை நல்ல தலைப்பு. தரவும் இலவசம், மென்பொருளும் இலவசம். தடுமாற்றம் முறையில்தான் வருகிறது. ஏழெட்டு முறைகள் உள்ளன. எல்லாமே கடைசியில் 'இத்தனை கோடி சூரிய நிறை' என்று ஒரு எண்ணைத் தந்துவிடும். ஆனால் அந்த எண்களின் தரம் ஒன்றல்ல. சில எண்கள் ஈர்ப்பு விதியையும் தூரத்தையும் மட்டுமே நம்பி நிற்பவை. மற்றவை வேறு யாரோ அளந்த எண்களின் முதுகில் ஏறி நிற்பவை. எது எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

முதலில் கேலக்ஸி, பிறகுதான் முறை

கருந்துளையின் ஈர்ப்பு சுற்றியிருக்கும் விண்மீன்களின் மொத்த ஈர்ப்பை மிஞ்சும் பகுதிக்கு ஆதிக்க எல்லை என்று பெயர். அதன் ஆரத்தைக் காண, கருந்துளை நிறையை (சூரிய நிறையில்) 0.0043-ஆல் பெருக்கி, விண்மீன்களின் வேகச் சிதறலின் (அவற்றின் வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு, கிமீ/வி) வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) வரும். அது வானத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கு: ஒரு மெகாபார்செக் தூரத்தில் ஒரு வில்விநாடி (பாகையில் 3600-ல் ஒரு பங்கு) என்பது 4.85 பார்செக்.

போட்டுப் பாருங்கள். எம்87: 650 கோடி சூரிய நிறை, சிதறல் 324, தூரம் 16.8 மெகாபார்செக். ஆரம் 266 பார்செக், அதாவது 3.3 வில்விநாடி. ஆண்ட்ரோமீடா: 14 கோடி சூரிய நிறை, தூரம் 0.78 மெகாபார்செக். இதில் ஐந்தரை வில்விநாடி வரும். என்ஜிசி 4258: 4 கோடி, சிதறல் 115, தூரம் 7.6 மெகாபார்செக். இங்கே 0.35 வில்விநாடிதான். 100 மெகாபார்செக் தூரத்தில், சிதறல் 200 உள்ள ஒரு சராசரிப் பெரிய கேலக்ஸிக்கு 0.07 வில்விநாடி, ஹப்பிள் தொலைநோக்கியே அதைப் பிரித்துப் பார்க்கத் திணறும்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது: பக்கத்திலேயே காவலூர் இருக்கிறதே? கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாக ஏறினால் ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. ஆனால் 725 மீட்டர் உயரத்தில், அங்கே காற்றின் நடுக்கம் விண்மீனின் பிம்பத்தை ஒன்றரை, இரண்டு வில்விநாடிக்குக் கலைத்துவிடும். எம்87-உம் ஆண்ட்ரோமீடாவும் கணக்கில் இந்த வடிகட்டியைத் தாண்டினாலும், ஆதிக்க எல்லைக்குள் ஒரே ஒரு புள்ளி கிடைப்பது போதாது, பல புள்ளிகள் வேண்டும். போதாததற்கு ஆண்ட்ரோமீடாவின் மையம் இரட்டை மையம். காவலூரால் ஆகக்கூடியது வேறு வகை வேலை, அது பின்னால் வருகிறது.

தூரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சுழல் வேகத்தையும் கோணத்தையும் வைத்து நிறை காணும் எல்லா முறைகளிலும் நிறை தூரத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். 15 சதவீதம் தூரப் பிழை என்றால் 15 சதவீதம் நிறைப் பிழை. பக்கத்துக் கேலக்ஸிகளுக்குச் செம்பெயர்ச்சியை வைத்துத் தூரம் போடுவது ஆபத்து. கேலக்ஸியின் சொந்த ஓட்டம் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வரை கலந்துவிடும். என்ஜிசி 4151-க்குச் செம்பெயர்ச்சி சுமார் 14 மெகாபார்செக் என்று காட்டுகிறது. 2020-ல் செபீட் மாறொளி விண்மீன்களை வைத்து அளந்தபோது 15.8 வந்தது. உங்கள் கேலக்ஸிக்குச் செபீட் போன்ற நேரடித் தூரம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

நேரடி முறைகள்

நம் பால்வெளியில் மட்டும் சாத்தியமான முறை ஒன்று உண்டு: தனித்தனி விண்மீன்களின் சுற்றுப்பாதையைப் பின்தொடர்வது. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவதை வைத்துத்தான் மையத்தில் 43 லட்சம் சூரிய நிறை என்று கண்டார்கள். கென்சல், கெஸ் இருவருக்கும் 2020 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வேறு எந்தக் கேலக்ஸியிலும் இது நடக்காது. நிகழ்வு எல்லைத் தொலைநோக்கியின் நிழற்படமும் அப்படித்தான். எம்87-உம் நம் மையமும் தவிர இதுவரை வேறில்லை. இரண்டையும் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மிச்சமிருப்பவற்றில் மிகச் சுத்தமானது நீர் மேசர் (மேசர் என்பது நுண்ணலையில் லேசர் போன்றது). கருந்துளையைச் சுற்றும் வட்டில் நீர் மூலக்கூறுகள் 22.235 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் மேசராக ஒளிர்கின்றன. கண்டம் அளவுக்குப் பரந்த ரேடியோ தொலைநோக்கி வரிசையால் அவற்றின் இடத்தை ஆயிரத்தில் ஒரு வில்விநாடியைவிடத் துல்லியமாகப் பார்க்கலாம். 1995-ல் என்ஜிசி 4258-இல் இதைச் செய்து காட்டினார்கள். மையத்திலிருந்து 0.2 பார்செக்கில் வேகம் வினாடிக்குச் சுமார் 930 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி 0.0043-ஆல் வகுத்தால் 4 கோடி சூரிய நிறை வந்துவிடும். அவ்வளவு சின்ன இடத்துக்குள் விண்மீன்களின் நிறை கணக்கில் வராத அளவுக்குக் குறைவு, ஆகவே கழிக்க வேண்டியதும் இல்லை. வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறைகிறதா என்று பார்த்தாலே கெப்ளர் விதி கண்முன் நிற்கும். மேசர் புள்ளிகளின் இடமும் வேகமும் ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணையிலேயே கிடைக்கின்றன; பைத்தானில் ஐம்பது வரி போதும். வட்டு லேசாக வளைந்திருப்பதையும் நாம் அதைக் கிட்டத்தட்ட விளிம்பிலிருந்து பார்ப்பதையும் கவனிக்காமல் விட்டால் சில சதவீதம் தவறும், அவ்வளவுதான். குறை என்னவென்றால் இப்படிப்பட்ட சுத்தமான வட்டுகள் மிகச் சிலவே. முழு புராஜெக்டாக இது சிறியது. முதல் இரண்டு வாரப் பயிற்சியாக எல்லோரும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. மற்ற முறைகளின் கோணல் அப்போதுதான் புரியும்.

அடுத்தது குளிர்ந்த வாயு. கேலக்ஸி மையத்தில் சுழலும் கார்பன் மோனாக்சைடு வட்டை அல்மா தொலைநோக்கி வரிசை 230.538 கிகாஹெர்ட்ஸில் பார்க்கிறது. முதல் அளவீடு 2013-ல் என்ஜிசி 4526-க்கு வந்தது, 45 கோடி சூரிய நிறை. அது அல்மாவுக்கு முந்திய கார்மா வரிசையால் எடுத்தது. அல்மா தரவு ஓராண்டுக் காப்புக்காலம் முடிந்ததும் எல்லோருக்கும் திறந்துவிடும். கோப்பு விஷயத்தில் எச்சரிக்கை: மூலத் தரவு பல பத்து ஜிபி, செல்போன் இணையத்தில் அதை இறக்க முயல வேண்டாம். காப்பகமே தயாரித்து வைத்திருக்கும் ஃபிட்ஸ் கனசதுரத்தை (வானத்து இடமும் அலைவெண்ணும் சேர்ந்த முப்பரிமாணக் கோப்பு) மட்டும் எடுங்கள். கின்எம்எஸ் என்ற இலவசப் பைத்தான் நிரல் மாதிரி வட்டை உருவாக்கித் தரவுடன் ஒப்பிடும்.

இங்கே தவறுவது மூன்று இடங்களில். ஒன்று, வட்டின் சாய்வு. நிறை சாய்வுக்கோண சைனின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம். சாய்வு 60 பாகையாக இருந்தால் 3 பாகைப் பிழை நிறையில் 6 சதவீதம்தான். 30 பாகையாக இருந்தால் அதே 3 பாகை 19 சதவீதமாகிவிடும். முகம் காட்டி நிற்கும் வட்டுகளைத் தொடாதீர்கள். இரண்டு, பல கேலக்ஸிகளில் மையத்திலேயே வாயு இல்லாத ஓட்டை இருக்கும்; ஆதிக்க எல்லை அந்த ஓட்டைக்குள் விழுந்துவிட்டால் கிடைப்பது உச்ச வரம்பு மட்டுமே. மூன்றாவது, விண்மீன்களின் நிறையைக் கழிப்பது. கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காயைக் கூடையோடு தராசில் வைத்துக் கூடையைக் கழிக்கிற கணக்குதான் இது. கூடை மாங்காயைவிடக் கனமாக இருந்தால் கூடையின் எடையில் வரும் சின்னத் தவறு மாங்காயைப் பாதியாக்கிவிடும். ஹப்பிளின் அகச்சிவப்புப் படத்திலிருந்து விண்மீன் ஒளியை எடுத்து, நிறை–ஒளி விகிதத்தால் பெருக்குகிறோம். மையத்தில் தூசி இருந்தால் ஒளி குறைவாகத் தெரியும், கூடை லேசாகிவிடும், கருந்துளை வீங்கிவிடும். என்ஜிசி 1332-இல் விண்மீன் இயக்கத்தை வைத்து 2011-ல் 145 கோடி என்றார்கள். 2016-ல் அல்மா 0.044 வில்விநாடித் துல்லியத்தில் பார்த்தபோது 66 கோடி. ஆதிக்க எல்லைக்குள்ளேயே பல புள்ளிகள் கிடைத்தால் கூடைப் பிரச்சினை சுருங்கிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வெப்பமான அயனி வாயுவை ஹப்பிளின் பிளவு நிறமாலைமானியால் பார்ப்பது 1990-களின் முறை. தரவு சில பத்து எம்பிதான், எளிதில் இறங்கும், காப்பகத்தில் குவிந்து கிடக்கிறது. ஆனால் வாயு வெறும் ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்படாது. கொந்தளிப்பும் அழுத்தமும் அதைத் தள்ளும். எம்84-க்கு 1998-ல் 150 கோடி என்று வந்தது. அதே காப்பகத் தரவை எடுத்து 2010-ல் இந்தக் கொந்தளிப்பையும் மாதிரியில் சேர்த்து மறுபடி கணக்கிட்டபோது 85 கோடி. ஒரே தரவு, பாதி விடை. எம்87-இல் வாயு 350 கோடி என்றது (2013), விண்மீன்கள் 660 கோடி என்றன (2011), நிழற்படம் 650 கோடி (2019) என்று விண்மீன்கள் பக்கம் சாய்ந்தது. எம்84 போல் ஒன்றை எடுத்து, 'மாதிரியை மாற்றினால் எவ்வளவு மாறுகிறது' என்று எழுதுவது அழகான புராஜெக்ட். 'நிறையைக் கண்டுபிடித்தேன்' என்று எழுதுவது அப்படியல்ல.

விண்மீன் இயக்கம்தான் நேரடி அளவீடுகளில் அதிக எண்ணிக்கை கொண்டது, மாணவர்களுக்கு மிகக் கடினமானதும் அதுவே. ஆயிரக்கணக்கான சுற்றுப்பாதைகளைக் கணினியில் ஓட்டி, அவற்றைச் சரியான எடையில் கலந்து, கவனித்த நிறமாலையை மீட்டெடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறைக்கும், ஒவ்வொரு சாய்வுக்கும், ஒவ்வொரு நிறை–ஒளி விகிதத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். லேப்டாப் வேலை அல்ல. விண்மீன்கள் வட்டமாகச் சுற்றுகின்றனவா, மையத்தை நோக்கி நீண்ட பாதையில் பாய்கின்றனவா என்பதைப் பொறுத்து ஒரே வேகச் சிதறல் வெவ்வேறு நிறையைத் தரும். எம்87-இல் கேலக்ஸியைச் சூழ்ந்திருக்கும் இருள்பொருளை மாதிரியில் சேர்த்த உடனே, 2009-ல், நிறை இரு மடங்குக்கு மேல் ஏறியது. என்ஜிசி 1277-க்கு 2012-ல் 1,700 கோடி என்று பரபரப்பாக வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 500 கோடி அளவுக்கு இறங்கியது. விண்மீன்களின் வேகத்தையும் ஈர்ப்பையும் இணைக்கும் ஜீன்ஸ் சமன்பாட்டை வைத்துச் சில நிமிடங்களில் ஓடும் எளிய நிரலும் உண்டு. அதைப் பயிற்சிக்கு ஓட்டலாம். அதன் விடையை மட்டும் வைத்து முடிவு எழுத வேண்டாம்.

மறைமுக முறைகள்

கருந்துளை இரை தின்றுகொண்டிருக்கும் கேலக்ஸிகளில் ஹைட்ரஜன் வரிகள் அகன்று தெரியும். மைய ஒளி கூடிக் குறைந்தால், சில நாள் கழித்து அகல வரியும் கூடிக் குறையும். அந்தத் தாமதம்தான் வாயுவின் தூரம், வரியின் அகலம்தான் வேகம். இந்த எதிரொலி முறைக்கு வானத்தில் கோணப் பிரிதிறனே தேவையில்லை, தூரமும் தேவையில்லை, காலம்தான் தேவை. ஐந்தாறு நாள் தாமதத்தை அளக்க ஓரிரு நாளுக்கு ஒரு நிறமாலை வீதம் சில மாதங்கள் வேண்டும். காவலூரிலிருந்து என்ஜிசி 4151 மார்ச் இறுதியில் நள்ளிரவு உச்சத்தில் வரும், 63 பாகை உயரம், மழையும் இல்லாத காலம். ஆசை வருவது இயல்பு. ஆனால் தொலைநோக்கி நேரம் விண்ணப்பித்துச் சில இரவுகளாகத்தான் கிடைக்கும், நான்கு மாதம் தொடர்ந்து யாரும் தர மாட்டார்கள்.

அதனால் பழைய ஒளிவளைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜிசி 5548-ஐ ஒரு பன்னாட்டுக் கூட்டணி 13 ஆண்டுகள் கவனித்த தரவு பொதுவில் உள்ளது. தாமதத்தைக் காணும் பைத்தான் நிரலும் இலவசம். இந்த ஒரே கேலக்ஸியில் தாமதம் ஆண்டுக்கு ஆண்டு சில நாள்களிலிருந்து 26 நாள் வரை மாறியிருக்கிறது. வரி அகலம் அதற்கு எதிர்த்திசையில் மாறுவதால் நிறை ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கிறது. இதை ஆண்டுவாரியாகத் தாங்களே கணக்கிட்டுக் காட்டினால் தேர்வாளருக்கும் பிடிக்கும்.

பிழை உட்கார்ந்திருக்கும் இடம் எஃப் என்ற வடிவக் காரணி. வாயு எந்த வடிவில் சுழல்கிறது என்று தெரியாததால் ஒரு சராசரி எண்ணால் பெருக்குகிறோம். வரி அகலத்தைத் திட்ட விலக்கமாக அளந்தால் அது 4.3 முதல் 5.5 வரை, பாதி உயர அகலமாக அளந்தால் 1.1 அளவு. இரண்டையும் மாற்றிப் போட்டால் நிறை நான்கு மடங்கு தவறும். மாணவர் அறிக்கைகளில் மிகச் சுலபமாக நுழையக்கூடிய தவறு இது. அளவுகளே ஒத்துப்போகாத கேலக்ஸிகளும் உண்டு: என்ஜிசி 4395-க்கு வாயு இயக்கமும் 2005-ன் எதிரொலியும் 4 லட்சத்துக்கு அருகில் சொன்னன, 2019-ல் 83 நிமிடத் தாமதத்தை அளந்தவர்கள் பத்தாயிரம் என்றார்கள்.

ஒரே ஒரு நிறமாலையை வைத்து நிறை போடும் குறுக்குவழியும் உண்டு. ஒளி அதிகமானால் வாயு தூரத்தில் இருக்கும் என்ற உறவு தாமதத்துக்குப் பதிலாக நிற்கிறது. 2006-ன் வாய்ப்பாடு: நிறையின் மடக்கை = 6.91 + 2 × மடக்கை(பாதி உயர அகலம் / 1000 கிமீ/வி) + 0.5 × மடக்கை(5100 ஆங்ஸ்ட்ராம் ஒளிர்வு / 10⁴⁴ எர்க்/வி). அகலம் 5000, ஒளிர்வின் மடக்கை 42.5 என்றால் நிறை 3.6 கோடி. ஸ்லோன் வானாய்வின் நிறமாலைக் கோப்பு சில நூறு கேபிதான். பாலக்கோட்டில் டவர் மந்தமாக இருந்தாலும் இறங்கிவிடும். மிகப் பிரகாசமான பக்கத்து மையங்களை அந்த ஆய்வு தவிர்த்திருக்கக்கூடும், ஆகவே தேர்ந்தெடுக்கும் கேலக்ஸிக்கு நிறமாலை உண்டா என்று முதலில் தேடுங்கள்.

வேலை வரிசை இப்படி: பால்வெளித் தூசியைத் திருத்துங்கள், செம்பெயர்ச்சியை நீக்குங்கள், தொடர்ஒளி, இரும்பு வரிகள், விண்மீன் ஒளி மூன்றையும் சேர்த்துப் பொருத்திக் கழியுங்கள், 4959, 5007 ஆக்சிஜன் வரிகளின் வடிவத்தை வைத்து ஹைட்ரஜன் பீட்டாவின் குறுகிய பகுதியை எடுத்துவிடுங்கள், மிஞ்சிய அகலப் பகுதியை அளந்து, கருவியின் அகலத்தைக் கழியுங்கள். 4959-க்கும் 5007-க்கும் உயரம் ஒன்றுக்கு மூன்று இல்லையென்றால் எங்கோ தவறியிருக்கிறது என்று பொருள். குறுகிய பகுதியை எடுக்க மறந்தால் அகலம் சுருங்கும், நிறை அதன் வர்க்கமாகச் சுருங்கும். மூன்று வில்விநாடி ஒளியிழைக்குள் கேலக்ஸியின் விண்மீன் ஒளியும் சேர்ந்து வரும். ஒளிர்வு இரு மடங்காகத் தெரிந்தால் நிறை 1.4 மடங்காகும். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு தனிக் கேலக்ஸியின் விடை மூன்று மடங்கு அங்கோ இங்கோ இருக்கலாம்.

கடைசியாக வேகச் சிதறல் உறவு. 2013-ன் பொருத்தம்: சிதறலை 200-ஆல் வகுத்து 4.38-ஆம் அடுக்கேற்றி 31 கோடியால் பெருக்குங்கள். 150 கிமீ/வி-க்கு 8.8 கோடி. சிதறலில் 5 சதவீதப் பிழை நிறையில் 22 சதவீதம். உறவின் சொந்தச் சிதறலே சுமார் இரு மடங்கு. பிபிஎக்ஸ்எஃப் என்ற நிரல் மாதிரி விண்மீன் நிறமாலைகளை அகலமாக்கிப் பொருத்தித் தரும். மாதிரிகளின் பிரிதிறனும் தரவின் பிரிதிறனும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்லோன் அலைநீளம் வெற்றிடத்துக்கு, பல மாதிரிகள் காற்றுக்கு, அதையும் மாற்ற வேண்டும். 70 கிமீ/வி-க்குக் கீழே வரும் எண்ணை ஸ்லோன் நிறமாலையில் நம்ப வேண்டாம். செயல்படும் மையம் (இரை தின்றுகொண்டிருக்கும் கருந்துளை உள்ளது) என்றால் 5175 அருகிலுள்ள மக்னீசியத்தைவிட 8498, 8542, 8662 கால்சிய மும்மை பாதுகாப்பானது. இந்த உறவு நீள்வட்டக் கேலக்ஸிகளுக்கும் உண்மையான குமிழ் மையங்களுக்கும்தான். எம்33-இன் மையச் சிதறல் 24-ஐ இதில் போட்டால் சுமார் 29,000 சூரிய நிறை வரும். நேரடியாகப் பார்த்தவர்கள் 2001-ல் 1,500-க்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எதை எடுக்கலாம்

மறைமுக முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 'ஒத்துப்போகிறது' என்று எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. ஒற்றை நிறமாலை வாய்ப்பாடு எதிரொலி நிறைகளைக் கொண்டு அளவுதிருத்தியது. எதிரொலியின் எஃப் எண், செயல்படும் கேலக்ஸிகளை வேகச் சிதறல் உறவின் மேல் உட்கார வைத்து எடுத்தது. வேகச் சிதறல் உறவு நேரடி நிறைகளிலிருந்து வந்தது. மூன்றும் சராசரியில் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுதந்திரமான சோதனை வேண்டுமானால் நேரடி நிறையும் எதிரொலி நிறையும் இரண்டும் உள்ள கேலக்ஸிகளுக்குப் போக வேண்டும். என்ஜிசி 4151, என்ஜிசி 3227 அப்படிப்பட்ட சிலவற்றில் இரண்டு.

நிரலாக்கத்தில் சாதாரண அளவு பழக்கம் உள்ளவருக்கு என் தேர்வு: முதல் இரண்டு வாரம் என்ஜிசி 4258 மேசர். பிறகு பென்ட்ஸும் காட்ஸும் 2015-ல் வெளியிட்ட எதிரொலி நிறைத் தரவுத்தளத்திலிருந்து, ஸ்லோன் நிறமாலை உள்ள ஆறேழு கேலக்ஸிகள். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை நிறமாலை நிறை, கால்சிய மும்மை தெரிந்தால் சிதறல் நிறை. முரண்பாட்டின் அளவும், அது விண்மீன் ஒளிக் கலப்போடு கூடுகிறதா என்பதும்தான் முடிவுரை. பைத்தானில் நல்ல கை உள்ளவர், பதினாறு ஜிபி நினைவகம் வைத்திருப்பவர், அல்மாவில் ஒரே ஒரு கேலக்ஸியை எடுத்து ஆழமாகப் போகலாம். சாய்வு 50 பாகைக்கு மேல், மையத்தில் ஓட்டை இல்லாமல், ஆதிக்க எல்லை அல்மா கற்றையைவிட (அதாவது அதன் பிரிதிறனைவிட) பெரிதாக இருப்பதை. எதிரொலி பிடித்தவருக்கு என்ஜிசி 5548. சுற்றுப்பாதை மாதிரி ஆய்வுப் பட்டத்துக்கு இருக்கட்டும். அப்போது ஓசூர் தாண்டிப் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் வழிகாட்டி தேடலாம்.

அறிக்கையில் நிறை அட்டவணைக்குப் பக்கத்தில் மூன்று நெடுவரிசை கட்டாயம் வையுங்கள்: எடுத்துக்கொண்ட தூரம், பயன்படுத்திய எஃப், அகலத்தை எந்த வகையில் அளந்தீர்கள் என்பது. 2006-ன் வாய்ப்பாட்டுக்குள் 5.5 ஒளிந்திருக்கிறது, தரவுத்தளத்தின் எண்ணை 4.3-ஐ வைத்து எடுத்திருந்தால், ஒப்பிடும் முன் உங்கள் நிறையை 0.78-ஆல் பெருக்க வேண்டும்.